அழைத்துவரப் போகாத அண்ணன்

என் கணவனை இங்கே 'அவன்' என்றுதான் எழுதப்போகிறேன். மரியாதை தெரியாதவள் என்று யாரும் நினைக்க வேண்டாம். அது அவனே எனக்கு வாங்கிக் கொடுத்த உரிமை. கல்யாணமான புதிதில் நான் வாய்தவறி 'வாங்க, போங்க' என்று சொல்லிவிட்டால் அவன் முகம் சுருங்கிவிடும். "நான் உனக்கு என்ன ஹெட்மாஸ்டரா?" என்பான். எனக்கும் அது பிடித்திருந்தது.

அவனைப் பற்றிக் குறைசொல்ல உட்கார்ந்திருக்கிறேன் என்பதால் நல்லதை மறைக்கப் போவதில்லை. மராத்திக்காரர்கள் ஊரான பாணேரில் எங்கள் வீட்டில் காலைச் சமையல் அவனுடையது. துணி மடிப்பது, கழிவறை கழுவுவது, சிலிண்டருக்குச் சொல்வது எல்லாம் முறைவைத்து நடக்கும். என் முறையில் நான் ஏமாற்றினாலும் ஏமாற்றுவேன், அவன் மாட்டான். கீழ்த்தளத்தில் இருக்கும் கோயம்புத்தூர்க்காரி என்னைப் பார்க்கும்போதெல்லாம், "ஏனுங்க, இப்படி ஒருத்தர எங்க போய்ப் புடிச்சீங்க?" என்று கேட்பாள். குக்கர் வைக்கிற ஆணுக்கு ஊரெல்லாம் பாராட்டு விழா எடுக்கிறது என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையும் இருந்தது. பொய் சொல்வானேன்.

அவன் படிப்பான். குடும்பம், கல்யாணம், படுக்கை, அடுப்பங்கரை என்று எதையும் விட்டுவைக்காமல் வேர்வரை போய்க் கேள்வி கேட்ட பெண்கள் எழுதியதையெல்லாம் தேடிப் படிப்பான். கல்லூரி விடுதியில் நானும் அதில் சிலவற்றைப் படித்திருக்கிறேன். படித்துவிட்டு அப்பாவோடு சண்டை போட்டேன், அவ்வளவுதான் எனக்கு அதில் கிடைத்த பலன். அவன் அதோடு நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் எங்கள் குடியிருப்பின் கிளப் ஹவுஸில் ஆண்களைக் கூட்டி வைத்து ஒரு வட்டம் நடத்தினான். ஏழெட்டுப் பேர் வருவார்கள். எல்லாம் ஐ.டி.காரர்கள், எல்லாரிடமும் நல்ல காபி பற்றி ஒரு கருத்து இருக்கும். ஆணாகப் பிறந்ததால் தங்களுக்குக் கேட்காமலே கிடைத்தது என்ன, அதைத் திருப்பிக் கொடுப்பது எப்படி என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் பேசுவார்கள். கேலியாகச் சொல்கிறேன் என்று தோன்றும். அப்போது நான் கேலி செய்யவில்லை. ஆண்கள் இதைப் பேசுகிறார்களே என்று இருந்தது.

அவனுக்கு ஒரே தங்கை. அப்பா அம்மா இரண்டு பேரும் போய்விட்டார்கள். திருநெல்வேலிப் பக்கத்து வீட்டை விற்றாயிற்று. எனவே அவளுக்குப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள இருந்தது எங்கள் பாணேர் வீடுதான். அவளைக் கட்டிக்கொடுத்திருந்தது பக்கத்து ஊரான தேஹு ரோட்டில். மாப்பிள்ளைக்கு அங்கே ராணுவ டிப்போவில் சிவிலியன் வேலை. அவர் அப்பாவும் அதே டிப்போவில் இருந்து ஓய்வு பெற்று இறந்தவர். இரண்டு தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். லைன் என்று சொல்கிற அந்த வரிசை வீடுகளில் சுற்றிலும் அதேபோல பழைய தமிழ்க் குடும்பங்கள். ஒரு வீட்டில் அப்பளம் பொரித்தால் நாலு வீட்டுக்குத் தெரிந்துவிடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வந்தாள். மகள் இரண்டாம் வகுப்பு. அவன் வட்டம் முடிந்து வந்து, தங்கைக்குப் பிடிக்கும் என்று வத்தக்குழம்பு வைத்துக்கொண்டிருந்தான். நான் அவளை உள்ளறைக்குக் கூப்பிட்டு வந்து பழைய சேலைகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது அவள் முடி விலகியது. இடது காதுக்குப் பின்னால் கறுத்துக் கிடந்தது. கம்மல் மாட்டிக்கொண்டது என்றாள். கம்மல் மாட்டினால் காதுக்குப் பின்னால் நாலு விரல் எப்படிப் பதியும் என்று கேட்டேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"அவுகளுக்குக் கோவம் வந்தா கண்ணு தெரியாது மதினி," என்றாள். "முன்னாடி என்னைக்காவது. இப்ப புள்ள முன்னாடியே."

"இங்கயே இருந்துடு. போகாதே," என்றேன்.

"வந்திருதேன் மதினி. ஆனா இப்படி இல்ல. சாப்பிடப் போனவ அப்படியே ஓடிட்டான்னு ஆயிரும். அவ வளக்கிற புள்ள மட்டும் எப்படி இருக்கும்னு சொல்லி நாளைக்கு இவள என்கிட்ட இருந்து புடுங்கிருவாக. அண்ணன் வரட்டும். வாசல்ல நின்னு, தங்கச்சியக் கூட்டிட்டுப் போறேன்னு நாலு வீட்டுக்குக் கேக்குற மாதிரி ஒரு வார்த்த சொல்லட்டும். யாரும் தடுக்க மாட்டாக. நான் புள்ளையோட தல நிமுந்து வந்திருவேன்."

எங்கள் பக்கத்து வழக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தலைப் பொங்கலுக்கும் ஆடிக்கும் பிரசவத்துக்கும் பெண்ணைப் பிறந்த வீட்டுக்கு அழைத்துவரப் போவது அண்ணன் தம்பிகள். அப்படிப் போய் அழைத்து வந்தவளை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது. தானாக வந்தவள் ஓடி வந்தவள். இது நியாயமா என்று கேட்டால் இல்லை. கேவலமான வழக்கம். ஆனால் தேஹு ரோட்டில் அந்த வீட்டுக் கதவு திறக்க வேண்டுமானால் இருந்தது அந்த ஒரு சாவிதான், அது அவள் அண்ணன் கையில் இருந்தது.

சாயங்காலம் ஷேர் ஆட்டோ பிடித்து அவர்கள் போன பிறகு அவனிடம் சொன்னேன். அழுதான். நடிப்பு இல்லை, நிஜமாகவே அடக்க மாட்டாமல் அழுதான். சுவரைக் குத்தினான். "கொன்னுடுவேன் அவனை," என்றான். அந்த நேரத்தில் அவன் ஒரு சாதாரண அண்ணனாக இருந்தான். கிளம்பு, போகலாம் என்று நான் சாவியை எடுத்திருக்க வேண்டிய நேரம் அதுதான். மறுநாள் போவோம் என்று படுத்துவிட்டோம்.

மறுநாள் அவன் யோசித்துவிட்டான்.

"நான் போய் அழைச்சிட்டு வந்தா அதுக்கு என்ன அர்த்தம்?" என்று ஆரம்பித்தான். காலைக் காபியைக் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசினான். "அவ என்ன பொருளா? ஒரு ஆம்பள கையில இருந்து இன்னொரு ஆம்பள கைக்கு மாத்திவிட? நான் போய் வாசல்ல நின்னா, அந்த வழக்கத்துக்கு நானே முத்திரை குத்துன மாதிரி ஆயிடும். அவ காலால அவ நடந்து வரணும். வந்தா இந்த வீடு அவளோடது. அதுல பேச்சே இல்ல."

"அவ காலால வந்தா புள்ளைய விடமாட்டாங்க."

"அதுக்குச் சட்டம் இருக்கு."

"சட்டம் நாளைக்குத்தான் வரும். நீ இன்னிக்கே போகலாம்."

"உனக்குக் கோபம். அதனால புரியல," என்றான். கழிவறை கழுவுகிற ஆண் வாயிலிருந்தும் இந்த வாக்கியம் வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிறு கிளப் ஹவுஸில் பெயிண்ட் அடித்தார்கள். வட்டம் எங்கள் வீட்டில் கூடியது. பெயர் சொல்லாமல், 'எனக்கு நெருக்கமான ஒரு பெண்' என்று அவன் விஷயத்தை எடுத்து வைத்தான். நான் உள்ளறையில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். காப்பாற்றப் போகிற ஆண்தான் எல்லாரையும்விட ஆபத்தானவன் என்றார் ஒருவர். பெண்ணின் முடிவைப் பெண்ணிடமே விட்டுவிட்டு ஒதுங்கி நிற்பதைவிடப் பெரிய புரட்சி ஓர் ஆணால் செய்ய முடியாது என்றார் இன்னொருவர். யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். மனசு நெகிழ்ந்துவிட்டதாம்.

என்னால் பொறுக்க முடியவில்லை. கதவைத் திறந்துகொண்டு வந்து, "சரி, எல்லாரும் ஒதுங்கி நின்னாச்சு. அவளைக் கூப்பிட யாரு போறது?" என்று இந்தியில் கேட்டேன்.

தாடி வைத்த ஒருவர் தலையை ஆட்டி, ரொம்ப முக்கியமான கேள்வி, அடுத்த வாரம் இதிலிருந்தே தொடங்கலாம் என்றார். அவர் கையில் இருந்தது நான் வாங்கிவைத்த முறுக்கு. அதைப் பிடுங்கிவிட வேண்டும்போல் இருந்தது.

அந்தப் பெண்கள் எழுதியதில் நான் படித்தவரை, ஆண்களை ஒதுங்கச் சொன்னது அவர்கள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து. அடிபடுகிறவள் தப்பித்துப் போகிற வழியில் துணைக்கு நிற்காதே என்று யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. உதவி கேட்டவளுக்கு அவள் கேட்ட உதவியைச் செய்யாமல், அவள் எதைக் கேட்டிருக்க வேண்டும் என்று இவன் முடிவு செய்தான். இதற்குப் பெயர் அவள் முடிவாம். இதையெல்லாம் கத்திச் சொன்னேன். "நீ சொல்றதும் ஒரு பார்வை," என்றான்.

வாரநாளில் லீவு போட்டுவிட்டு நானே கிளம்பினேன். மாப்பிள்ளை டிப்போவில் இருக்கும் நேரம். வழியில் ராவேத் ஊரைத் தாண்டிப் போகிறவரை ஒன்றும் தோன்றவில்லை. ஸ்டேஷன் பக்கம் திரும்பியதும் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன். கதவைத் திறந்தது மாமியார்க்காரி. என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அரே, வாம்மா வா. பைட்டோ, உக்காரு. சாய் போடுறேன்."

தங்கை சமையல்கட்டு வாசலில் நின்றாள். அறைக்குள் கட்டிலுக்கு அடியில் ஒரு பை இருந்ததைப் பார்த்தேன். வாய் கட்டாத பை, மேலே மகளின் பள்ளிச் சீருடை. இவள் தயாராக இருந்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் வாசலைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள்.

சுற்றி வளைக்கவில்லை. கொஞ்ச நாள் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று வந்தேன், பிள்ளையும் வரட்டும் என்றேன். மாமியார்க்காரி தட்டில் பிஸ்கட் அடுக்கிக்கொண்டே பதில் சொன்னாள்.

"பாபி, அண்ணிக்காரி வந்து கூப்ட்டா எப்டிம்மா அனுப்புறது? பாய், அண்ணன்காரன் இருக்கான்ல? அவன் வரட்டும். நாங்க என்ன வேணாம்னா சொல்றோம்? இஜ்ஜத்தா, மரியாதையா அனுப்பி வைக்கிறோம். இப்டிப் போனா லைன்ல எல்லாரும் என்ன பேசுவாங்க, நீயே சொல்லு."

கத்தலாம் என்று வாயைத் திறந்தேன். தங்கை கண்ணாலேயே வேண்டாம் என்றாள். என்னை வழியனுப்ப வருகிற சாக்கில் கார்வரை வந்து, "அண்ணன ஒரே ஒரு தடவ வரச் சொல்லுங்க மதினி. பேசக்கூட வேண்டாம். வந்து நின்னா போதும்," என்றாள். அவள் கெஞ்சிய குரல் இது ஒன்றுதான். அதற்கு முன்னும் பின்னும் அவள் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

அப்படியே அவனிடம் சொன்னேன். "அந்தம்மா சொல்றதையே நீயும் சொல்ற. ஆம்பள வந்தாத்தான் அனுப்புவாங்களாம். அதுக்கு நான் பணியணுமா?" என்றான். அவனுக்கு அது தன்மானப் பிரச்சினையாகிவிட்டது. அதுவும் ஆணின் தன்மானம்தான், புதுச்சட்டை போட்டிருந்தது.

நான் போய் வந்ததை மாமியார்க்காரி மகனிடம் சொல்லாமல் இருப்பாளா. இரண்டொரு நாள் கழித்துச் சாயங்காலம் அவரிடமிருந்து போன் வந்தது. என் கணவன் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டான். அந்தப் பக்கமும் ஸ்பீக்கரில்தான் இருந்திருக்க வேண்டும். குக்கர் சத்தமும் குழந்தை ஏதோ மனப்பாடம் செய்கிற சத்தமும் கேட்டன.

"மச்சான், நல்லா இருக்கீங்களா?" மாப்பிள்ளையின் குரலில் கோபமே இல்லை. "உங்க தங்கச்சி உங்க வீட்டுக்குப் போகணும்ங்குறா. நீங்க வந்து கூட்டிட்டுப் போறீங்களா? வந்தீங்கன்னா அனுப்புறேன். என் பக்கம் பிராப்ளம் இல்ல."

நான் அடுப்பை அணைத்துவிட்டு ஓடி வந்து, "வர்றேன்னு சொல்லு, வர்றேன்னு சொல்லு," என்று சத்தமில்லாமல் வாயை அசைத்தேன். அவன் கத்தியைக் கீழே வைத்தான்.

"இங்க பாருங்க. அனுப்புறதுக்கு நீங்க யாரு, கூட்டிட்டு வர்றதுக்கு நான் யாரு? அவ ஒரு சுதந்திரமான மனுஷி. வரணும்னா அவளே வரலாம். அது அவ முடிவு."

"அப்ப நீங்க வரமாட்டீங்க."

"நான் வர்றதும் வராததும் விஷயமே இல்லங்க."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்து ஓய்ந்தது. பிறகு, "சரி மச்சான். புரியுது," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

அவன் என்னைப் பார்த்தான். "கரெக்டாதானே பேசினேன்?" என்று கேட்டான்.

அந்த மனிதர் படித்தவர் இல்லை, பண்பாளர் இல்லை, மிருகம். ஆனால் கேட்க வேண்டியதைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். இவளுக்காகக் கேட்க ஆள் வராது என்பதை இவள் அண்ணன் வாயாலேயே, இவள் காதில் விழும்படி சொல்ல வைத்துவிட்டார். நான் அவளுக்குப் போன் போட்டேன். எடுத்து, "இப்ப வராதீங்க மதினி. அவுக சாந்தமாத்தான் இருக்காக," என்றாள். அதை நம்பினேன். நம்புவது வசதியாக இருந்தது.

மறுநாள் காலையில் தங்கையின் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவள் இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தார்கள். இடது காதில் ஜவ்வு கிழிந்திருந்தது. முகம் ஒரு பக்கமாக வீங்கிக் கண் மூடியிருந்தது. நான் டாக்டரிடம் நடந்ததைச் சொன்னேன். போலீஸிலிருந்து ஒரு பெண் வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து மராத்தியில் பொறுமையாகக் கேட்டாள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தேன் என்று இவள் சொன்னாள். அந்தப் பெண் மறுபடி கேட்டாள். மறுபடியும் வழுக்கித்தான் விழுந்தாள். எழுதிக்கொண்டு போய்விட்டாள்.

அவன் கட்டிலைப் பிடித்துக்கொண்டு குழந்தைமாதிரி அழுதான். "வாம்மா, நம்ம வீட்டுக்குப் போயிடலாம். நான் கூட்டிட்டுப் போறேன்," என்றான்.

அவள் வலது காதை அவன் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டாள். "புள்ள அங்கல்லா இருக்கு," என்றாள்.

உண்மைதான். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைக் கூட்டி வரவே இல்லை. மாமியார்க்காரி தன்னோடு வைத்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கும் அவளே கொண்டுபோய்விட்டு அவளே கூட்டி வந்தாளாம். வக்கீல் வைக்கலாம், புகார் கொடுக்கலாம், பிள்ளையைத் திரும்ப வாங்கலாம் என்று நான் பேசினேன். ஒவ்வொன்றுக்கும் எங்கே போக வேண்டும் என்றும் விசாரித்து வைத்திருந்தேன். அவள் என் கையைப் பிடித்து, "விடுங்க மதினி. அன்னைக்கின்னா ரெண்டு பேரா வந்திருப்போம்," என்றாள். அவள் சொன்ன விதத்தில் யார்மீதும் வருத்தம் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது.

வீட்டுக்கு அனுப்புகிற அன்று மாப்பிள்ளை வந்தார். தேய்த்த சட்டை, கையில் பிளாஸ்க். பில் கட்டினார், மாத்திரைகளை எண்ணி வாங்கினார், நர்சுக்கு நன்றி சொன்னார். பிறகு என் கணவனிடம் வந்தார்.

"மச்சான், ஆட்டோல போனா குலுங்கும், கை தாங்காது. உங்க கார்ல கொண்டாந்து விட்டுருங்களேன்."

அவன் தங்கையைப் பார்த்தான். அவள் தலையை ஆட்டினாள். வேறு என்ன செய்வாள், காரில் போனால் வலி குறையும். இப்போது அவனால் மறுக்க முடியவில்லை. அவள் முடிவாயிற்றே.

அவன்தான் ஓட்டினான். மாப்பிள்ளை முன்சீட்டில் உட்கார்ந்து, நெடுஞ்சாலையில் எங்கே பள்ளம் இருக்கிறது என்று வழி சொல்லிக்கொண்டு வந்தார். பின்னால் அவள் என்மேல் சாய்ந்திருந்தாள். வழியில் இறங்கி அந்த ஆளைத் தள்ளிவிட்டு வண்டியைத் திருப்பு என்று நான் மனசுக்குள் கத்திக்கொண்டே வந்தேன். வெளியில் ஒரு சொல் சொல்லவில்லை. பிள்ளை அங்கே இருந்தது.

லைனில் நாலு வீட்டு வாசலிலும் ஆட்கள் நின்றார்கள். பையை அவன் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தான். மாமியார்க்காரி ஆரத்தித் தட்டோடு வந்தாள். பிள்ளை ஓடிவந்து அம்மாவின் கட்டுப்போட்ட கையைத் தொடலாமா கூடாதா என்று தெரியாமல் நின்றது.

"வாப்பா, வா," என்று மாமியார்க்காரி அவனைத்தான் முதலில் வரவேற்றாள், நாலு வீட்டுக்கும் கேட்கிறமாதிரி. "பாத்தியா, இப்பதான் மொறையா இருக்கு. அண்ணனே கொண்டாந்து விட்டா அது ஒரு இஜ்ஜத்து."

அவனுக்கு நாற்காலி போட்டார்கள். உட்கார்ந்தான். டீ கொடுத்தார்கள். அதையும் வாங்கிக் குடித்தான்.